டிஃப்யூஷன் படத்தில் பளிச்சிட்ட இடம்: சீழா, புற்றா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. மன்னார்குடி அருகே சொந்த வயல். தானே இறங்கி வேலை பார்ப்பவர். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐப்பசி மழையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிய வைக்க மூன்று நாட்கள் சேற்றிலேயே நின்றார். அடுத்த பத்து நாட்களுக்குள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பிறகு சிறுநீரே அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் டியூப் போட்டு, ஐந்து நாள் ஊசியும் பிறகு மாத்திரையும் கொடுத்தார்கள். டியூபை எடுத்துவிட்டார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் புரதமான பி.எஸ்.ஏ. ரத்தத்தில் 34 என்று வந்ததால் புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9 இருந்ததால் சாய மருந்து ஏற்றவில்லை. அறிக்கையில், 'புற மண்டலத்தில் இரு பக்கமும் லேசான டிஃப்யூஷன் தடை, இடப்பக்கம் 1.2 செ.மீ. அளவில் கடுமையான டிஃப்யூஷன் தடை, பை-ராட்ஸ் 4, தொற்று அல்லது புற்று' என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து தொடங்கிய பிறகு எடுத்த சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளரவில்லை. உடனே பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) செய்யுங்கள் என்கிறார் ஒரு மருத்துவர். செய்தால் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்குப் புற்றுநோயா? இந்த டிஃப்யூஷன் படத்தால் தொற்றைச் சொல்ல முடியாதா? சாயம் ஏற்றாத ஸ்கேன் அரைகுறைதானா? இப்போது ஓரளவு தேறிவிட்டார். சில நாள் மாலையில் மட்டும் உடம்பு சுடுகிறது, காலையில் தணிந்துவிடுகிறது.

ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'பை-ராட்ஸ் 4' என்ற சொல்லை அல்ல, கடைசி வரியை. சில நாள் மாலையில் உடம்பு சுடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஊசியும் மாத்திரையும் எடுத்த பிறகும் விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிற சர்க்கரை நோயாளியின் புராஸ்டேட்டில் ஒன்றே கால் செ.மீ. அளவுக்கு ஓர் இடம் பளிச்சிடுகிறது என்றால், எனக்கு முதலில் வரும் ஐயம் சீழ்க்கட்டி. புற்றா இல்லையா என்பதைத் தீர்க்க நமக்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. சீழைத் தீர்க்க அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும், நாளையோ மறுநாளோ அப்பாவை ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவுதான். அதற்குள் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் மறுபடி அடைத்தாலோ, பேச்சு குழறி மயக்கம்போல் இருந்தாலோ அன்றே போய்விடுங்கள், இரவானாலும்.

படங்களை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய அறிக்கை வரிகளை வைத்தே பேசுகிறேன். 25 ஆண்டுகளாக ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்வதே என் வேலை என்பதால், அந்த வரிகளுக்குப் பின்னால் எம்.ஆர்.ஐ. அறையில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க முடியும்.

டிஃப்யூஷனைப் பள்ளிப் பாடத்தில் விரவுதல் என்று படித்திருப்பீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால், யாரும் கலக்காமலே அது பரவிவிடும். நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அலைவதே காரணம். அந்த அலைச்சலுக்கு 1905-இல் கணக்கு எழுதிக் கொடுத்தவர் ஐன்ஸ்டைன். அதே மையைக் கெட்டியான கேழ்வரகுக் கூழில் விடுங்கள், விட்ட இடத்திலேயே நெடுநேரம் நிற்கும். நம் உடம்பிலும் இப்படித்தான். சில இடங்களில் நீர் தாராளமாக அலைகிறது, சில இடங்களில் அதற்கு வழியில்லை. நீர் எங்கே தயங்குகிறது என்று காட்டுவதுதான் டிஃப்யூஷன் படம்.

இயந்திரம் இதை அளக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். ஒரு காந்தத் துடிப்பைக் கொடுத்து ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் அது நிற்கிற இடத்துக்கேற்ப ஓர் அடையாளம் இடுகிறது. நொடியில் மிகச் சிறு பங்கு கழித்து, அதே அடையாளத்தை அழிக்கும் இன்னொரு துடிப்பைக் கொடுக்கிறது. நகராமல் நின்ற மூலக்கூறின் அடையாளம் சரியாக அழிந்துவிடுவதால் அதன் சமிக்ஞை முழுமையாகத் திரும்புகிறது. இடம் மாறிய மூலக்கூறு கணக்கில் பிசகி மங்கிப்போகிறது. இந்த இரட்டைத் துடிப்பு முறையை ஸ்டெஜ்ஸ்கல், டேனர் என்ற இருவர் 1965-இலேயே வகுத்துவிட்டார்கள். அதை மனித உடலைப் படம் எடுக்கும் கருவிக்குள் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டின் டெனி லெ பியான், 1980-களின் நடுவில். மூளையில் தொடங்கியது, பக்கவாதத்தைச் சில நிமிடங்களில் காட்டிப் பெயர் பெற்றது, பிறகுதான் புராஸ்டேட்டுக்கு வந்தது.

துடிப்பின் வலுவை 'பி' மதிப்பு என்பார்கள். புராஸ்டேட்டுக்குக் குறைந்த பி, நடுத்தர பி என எடுத்துவிட்டு, 1400-க்குக் குறையாத ஓர் உயர் பி படமும் எடுக்கிறோம் அல்லது கணக்கிட்டுப் பெறுகிறோம். நீர் தயங்கும் இடம் உயர் பி படத்தில் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பை மட்டும் நம்பக் கூடாது. சாதாரணமாகவே நீர் மிகுந்த இடங்களும் சில வேளை அங்கே வெளுத்துக் காட்டி ஏமாற்றும். அதனால் வெவ்வேறு பி மதிப்புப் படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு ஏ.டி.சி. என்ற வரைபடம் வருகிறது. உண்மையிலேயே தடை இருந்தால் அந்த இடம் இதில் கறுத்திருக்க வேண்டும். அங்கே வெளுப்பு, இங்கே கறுப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் 'டிஃப்யூஷன் தடை' என்று எழுதுவோம். உடல் சூட்டில் தூய நீரின் ஏ.டி.சி. ஏறக்குறைய 3000. நலமான புராஸ்டேட்டின் வெளிப்பகுதியான புற மண்டலத்தில் பெரும்பாலும் 1500-க்கு மேல் இருக்கும். கவலைக்குரிய புற்றுகளில் 900-க்குக் கீழே இறங்குவது வழக்கம். சீழில் அதற்கும் கீழே போவதுண்டு. இந்த எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம், பி மதிப்புக்கு பி மதிப்பு மாறும். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன். நலமான புராஸ்டேட்டின் புற மண்டலம் முழுக்க நுண்ணிய சுரப்பிக் குழல்கள். அவற்றுக்குள் திரவம் இருப்பதால் நீர் அலைய இடம் உண்டு. புற்று வந்தால் அந்த வெற்றிடங்களை உயிரணுக்கள் நெருக்கியடித்து நிரப்பிவிடுகின்றன. தொற்று வந்தாலோ, கிருமிகளோடு போராட வந்த வெள்ளணுக்கள் அதே குழல்களை நிரப்புகின்றன. கூட்டத்தில் சிக்கினாலும் சேற்றில் சிக்கினாலும் நடை தளர்வது ஒன்றுதானே? டிஃப்யூஷன் படம் நடை தளர்ந்ததைச் சொல்கிறது. ஏன் தளர்ந்தது என்று சொல்வதில்லை. புற்றையும் அழற்சியையும் ஏ.டி.சி. எண்ணால் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், சராசரியில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. அழற்சியில் தடை குறைவு, புற்றில் கூடுதல். ஆனால் தனித்தனி ஆட்களை எடுத்தால் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. சராசரியை வைத்து உங்கள் அப்பா எந்தக் கூட்டத்தில் நிற்கிறார் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் படம் படிப்பவர் எதைப் பார்க்கிறார்? வடிவத்தைப் பார்க்கிறோம். அழற்சி பெரும்பாலும் பரந்து கிடக்கும், இரு பக்கமும் இருக்கும், பட்டையாகவோ ஆப்பு வடிவிலோ தெரியும், தடையும் லேசாக இருக்கும். புற்று ஓர் உருண்டையாக, எல்லை கட்டி, கறுப்பாக நிற்கும். 'இரு பக்கமும் லேசான தடை' என்று உங்கள் அறிக்கையின் முதல் வரி சொல்வது, தொற்று பரவியிருந்த புராஸ்டேட்டுக்குப் பொருந்தி வருகிறது. மிஞ்சுவது இடப்பக்கத்து 1.2 செ.மீ. மட்டும்தான்.

அந்த இடத்தைப் பற்றி அறிக்கை ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லவில்லை, அல்லது நீங்கள் எழுதி அனுப்பும்போது விடுபட்டிருக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்று ஒரு வகைப் படம் உண்டு. திரவம் எல்லாம் அதில் வெளுத்துத் தெரியும். ஸ்கேன் அறிக்கை எழுதிய மருத்துவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: 'அந்த இடம் டி2 படத்தில் வெளுப்பாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா?' டி2-வில் வெளுத்து, உயர் பி படத்தில் பளிச்சிட்டு, ஏ.டி.சி.யில் நன்றாகக் கறுத்திருந்தால், அது திரவம்; ஆனால் நீர் அலைய முடியாத கெட்டித் திரவம். புராஸ்டேட்டுக்குள் அப்படிப்பட்ட திரவம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது சீழ். வயதானவர்களின் புராஸ்டேட்டில் சாதாரண நீர்க்கட்டிகள் நிறைய இருக்கும். அவையும் டி2-வில் வெளுக்கும், ஆனால் ஏ.டி.சி.யில் கறுக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது தெளிந்த நீர். மூளையில் சீழ்க்கட்டியையும் அழுகிய புற்றையும் பிரித்தறிய இதே உத்தியைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். மாறாக, அந்த இடம் டி2-விலும் கறுப்பாக இருந்தால் அது திடமான திசு: புற்றாக இருக்கலாம், திரண்ட அழற்சியாக இருக்கலாம், காசநோய் போன்றவை உண்டாக்கும் சிறுமணிக் கட்டியாகவும் இருக்கலாம். சீழ் சில வேளை டி2-வில் மங்கலாகவும் தெரியும் என்பதால் காய்ச்சலையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொற்றில் டிஃப்யூஷன் படத்துக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பு இந்தச் சீழைக் கண்டுபிடிக்கும் திறனுக்குத்தான். திடீர் புராஸ்டேட் தொற்றைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. தேவையே இல்லை. நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், அடைப்பு, விரலால் மெல்லத் தொட்டாலே துடிக்கிற புராஸ்டேட், சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் இவையே போதும். பெரும்பாலும் ஈ.கோலி என்ற குடல் கிருமிதான் காரணம். சரியான மருந்து விழுந்தால் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது இறங்கித் திரும்பினால், உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று தேட வேண்டும். மலக்குடல் வழி அல்ட்ராசவுண்டு அதைக் காட்டும். ஆனால் வீங்கி நோகும் புராஸ்டேட்டுக்கு அந்தக் கருவி பெரும் வேதனை. சி.டி. ஸ்கேனும் காட்டும், ஆனால் சிறிய கட்டிகள் அதன் கண்ணில் படாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. கிடைக்கிற ஊரில், சிறிய சீழையும் அது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், சுற்றுப்புறத்துக்குப் பரவியிருக்கிறதா என்பதையும் ஒரே இருப்பில் சொல்லிவிடலாம்.

சாயம் ஏற்றாததால் ஸ்கேன் அரைகுறை என்று வருந்த வேண்டாம். சாயம் ஏற்றினால் சீழ்க்கட்டியின் சுவர் மட்டும் வளையமாக ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருக்கும். அது ஒரு நல்ல சான்று. ஆனால் டிஃப்யூஷனுக்குச் சாயமே வேண்டாம். நீரின் அலைச்சலை அளக்க உடம்பில் இருக்கிற நீரே போதும். கிரியேட்டினின் உயர்ந்த உங்கள் அப்பாவுக்கு அது ஒரு நன்மையாகவே முடிந்தது. அவசியம் என்று வந்தால், இன்று புழக்கத்தில் உள்ள உறுதியான வகைக் கடோலினியச் சாயங்களைச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் எச்சரிக்கையோடு தர முடிகிறது. அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது என்பதால் மறுபடி எடுக்க நேர்ந்தாலும் அந்த அச்சம் வேண்டாம்.

சீழ்தான் என்று உறுதியானால் அளவைப் பொறுத்து வழி மாறும். ஒரு செ.மீ.க்கும் சிறியவை பெரும்பாலும் மருந்துக்கே கரைகின்றன. அதைவிடப் பெரியவற்றில் ஊசி வழியாகவோ சிறுநீர்ப் பாதை வழியாகவோ சீழை வெளியேற்றுவது வழக்கம். உங்கள் அப்பாவின் அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது. சர்க்கரையும் இருப்பதால், என்னைக் கேட்டால், சீழை ஊசியால் எடுப்பதையே விரும்புவேன். எடுத்தால் இன்னொரு பெரிய பயன் உண்டு: கிருமி யார் என்று தெரியும்.

இங்கே ஒரு கிருமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மழைக்காலம், வயல் சேறு, சர்க்கரை நோய், பத்து நாளில் காய்ச்சல், புராஸ்டேட், வழக்கமான மருந்துக்கு முழுதாக அடங்காமை இந்த ஆறையும் ஒரே கடிதத்தில் படித்ததும் எனக்கு மெலியோய்டோசிஸ் என்ற நோய் நினைவுக்கு வந்தது. அதை உண்டாக்கும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வெறுங்காலில் உள்ள கீறல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் நுழைகிறது. இதை முதலில் அடையாளம் கண்டு 1912-இல் எழுதியவர்கள் ரங்கூன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் இருந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும். ஆத்திரேலியாவின் டார்வின் நகரில் இந்த நோய்க்கு உள்ளாகும் ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் புராஸ்டேட்டில் சீழ் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் அங்கே மெலியோய்டோசிஸ் வந்த ஆண்களுக்கு, சிறுநீர்த் தொந்தரவு இல்லாவிட்டாலும், அடிவயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிடுகிறார்கள். நம் பக்கத்திலும் இது அரிய நோய் அல்ல, அரிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோய். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகளாக இதைக் கண்டறிந்து வருகிறது. இலங்கையிலும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தாலும் அதைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியாக எண்ணி ஒதுக்கிவிடுவதுண்டு. ஆகவே ரத்தம், சிறுநீர், சீழ் எதை அனுப்பினாலும் 'மெலியோய்டோசிஸ் ஐயம்' என்று சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மருந்தும் வேறு. ஜென்டமைசின் போன்ற வழக்கமான ஊசிகளுக்கு இது பொதுவாக அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி இரண்டு வாரங்களாவது, ஆழத்தில் சீழ் இருந்தால் இன்னும் கூடுதலாக. அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதங்கள். காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஈ.கோலியாகவே இருந்து, கொடுத்த மருந்தை எதிர்த்து நிற்கிற வகையாகவும் இருக்கலாம். ஆனால் தேடாமல் விடக் கூடாத ஒன்று. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்ற முடிவை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம். அது மருந்து தொடங்கிய பிறகு எடுத்த சிறுநீர். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம்.

இனி உங்களை உறங்கவிடாத சொல்லுக்கு வருகிறேன். பை-ராட்ஸ் என்பது, கவனிக்க வேண்டிய புற்று இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று முதல் ஐந்து வரை இடும் மதிப்பெண். அது நோயின் பெயர் அல்ல, புற்றின் நிலையும் அல்ல. 'நான்காம் கட்டம்' என்று உங்கள் வீட்டில் யாராவது புரிந்துகொண்டிருந்தால் உடனே திருத்திவிடுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் சாப்பாட்டையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2019-இல் வந்த இப்போதைய விதிப்படி புற மண்டலத்தில் டிஃப்யூஷன் படமே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது: கடுமையான தடை, 1.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் 4. 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் 5. சீழும் அந்த விதிக்குள் தானாக வந்து விழும். காய்ச்சல் இருந்ததா என்று விதி கேட்பதில்லை. படிப்பவர்தான் கேட்க வேண்டும், அனுப்புபவர்தான் சொல்ல வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருடைய சீட்டில் 'பி.எஸ்.ஏ. உயர்வு' என்று இரண்டே சொற்கள் எழுதி வந்திருந்தன. படத்தில் இருந்த கறுப்பு உருண்டையைப் பார்த்துப் புற்றாகவே இருக்கும் என்று எழுதி அனுப்பினேன். அவருக்குப் பத்து நாட்களுக்கு முன்பு குளிர்காய்ச்சல் வந்திருந்தது. படுக்க வைத்த தொழில்நுட்பரிடம் அவர் அதைச் சொல்லியும் இருக்கிறார். என் மேசைக்கு வந்து சேரவில்லை. நானும் எழுந்துபோய்க் கேட்கவில்லை. பயாப்சி செய்த மறுநாள் ரத்தத்தில் தொற்று பரவித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். எடுத்த திசுவில் இருந்தது சீழும் அழற்சியும் மட்டுமே. அன்றிலிருந்து, சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், புராஸ்டேட் ஸ்கேனுக்கு வருகிறவரிடம் காய்ச்சல், எரிச்சல், டியூப், அண்மையில் பயாப்சி, சிறுநீர்ப்பைப் புற்றுக்கு பி.சி.ஜி. மருந்து இவற்றை நானே கேட்டுவிட்டுத்தான் படத்தைத் திறக்கிறேன். பி.சி.ஜி. மருந்து புராஸ்டேட்டில் விட்டுச்செல்லும் கட்டி, டிஃப்யூஷன் படத்தில் புற்றின் நகல்போல் இருக்கும்.

பி.எஸ்.ஏ. 34 என்பதும் அதே கதைதான். தொற்றில் சுரப்பியின் சுவர்கள் கசிந்து அந்தப் புரதம் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் அடைப்பும் டியூபும் தம் பங்குக்கு ஏற்றிவிடும். காய்ச்சலின்போது எடுத்த பி.எஸ்.ஏ.யை வைத்துப் புற்றைப் பற்றி எதுவும் பேசக் கூடாது என்பதே என் கருத்து; எடுக்காமலே இருந்திருக்கலாம். சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மறுபடி எடுங்கள். முழுதாக இறங்கச் சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகும். இன்னொன்று: தொற்றின் அறிகுறி எதுவும் இல்லாமல் பி.எஸ்.ஏ. மட்டும் உயர்ந்திருப்பவருக்கு 'ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்போம்' என்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகுவதைத் தவிர வேறு பயன் அதில் இல்லை. உங்கள் அப்பாவின் நிலை வேறு. அவருக்குத் தொற்று உண்மையாகவே இருந்தது.

பயாப்சி பற்றி: இப்போது வேண்டாம், எப்போதும் வேண்டாம் என்பதில்லை. தொற்று எரிந்துகொண்டிருக்கும் புராஸ்டேட்டில், அதுவும் மலக்குடல் வழியாகத் திசு எடுப்பது ஆபத்து. சீழை வெளியேற்ற ஊசி போடுவது வேறு செயல், அது சிகிச்சை. பயாப்சி செய்தால் புற்று பரவிவிடும் என்ற சித்தப்பாவின் அச்சத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. அந்த அச்சத்தால் தேவையான நேரத்தில் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் அடங்கி, மருந்து முடிந்து, பி.எஸ்.ஏ.யும் எடுத்த பிறகு, ஏறக்குறைய மூன்று மாதங்களில் எம்.ஆர்.ஐ.யை மறுபடி எடுங்கள். தொற்று என்றால் அந்த இடம் சுருங்கியிருக்கும், ஏ.டி.சி. ஏறியிருக்கும், அல்லது ஒரு தழும்பாக மட்டும் நிற்கும். அப்படியே நின்றாலோ வளர்ந்திருந்தாலோ, பி.எஸ்.ஏ. இறங்க மறுத்தாலோ, அப்போது பயாப்சிக்கு உடனே ஒப்புக்கொள்ளுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகச் செய்யும் முறையில் தொற்று அபாயம் குறைவு; அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். 61 வயதில் தொற்றும் புற்றும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும். தொற்று என்று தெரிந்ததும் தொடர்ச்சியை விட்டுவிடாதீர்கள்.

மறுபடி எடுக்கும்போது முடிந்தால் அதே இயந்திரத்தில், அதே பி மதிப்புகளோடு எடுங்கள். அப்போதுதான் பழைய எண்ணும் புதிய எண்ணும் பேசிக்கொள்ள முடியும். பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டைக் கையோடு கொண்டு போங்கள். அச்சிட்ட ஃபிலிம் மட்டும் இருந்தால் ஏ.டி.சி.யை மறுபடி அளக்க முடியாது. அன்று காலை மலம் கழித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். டிஃப்யூஷன் படம் காற்றுக்கு மிகவும் நொய்மையானது. மலக்குடலில் வாயு நிறைந்திருந்தால் அதை ஒட்டிய புற மண்டலப் படம் நெளிந்து, இல்லாத கட்டி தெரியும், இருப்பது மறையும். இடுப்பு மூட்டில் உலோகம் இருந்தால் அதையும் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

அப்பா இந்தப் பரிசோதனைகளுக்கு வெட்கப்படக்கூடும். மகளிடம் சொல்லாததை அவர் மருத்துவரிடம் தனியாகச் சொல்லட்டும். நீங்கள் சிறிது நேரம் வெளியே நில்லுங்கள். ஆனால் காய்ச்சல் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: காலையும் மாலையும் வெப்பமானியில் பார்த்து, தேதி போட்டு, ஒரு தாளில். சர்க்கரை அளவையும் அதே தாளில் எழுதுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்கான சீட்டை மருத்துவர் எழுதும்போது இந்த விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்: '61 வயது, சர்க்கரை நோய், விவசாயி. ஐப்பசியில் வயல் வேலைக்குப் பின் நடுக்கக் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, டியூப். அப்போது பி.எஸ்.ஏ. 34. இடப்பக்கப் புற மண்டலத்தில் 1.2 செ.மீ. டிஃப்யூஷன் தடை; சீழா என்று ஐயம். பெற்ற மருந்து, நாட்கள், கல்ச்சர் முடிவு, இப்போதைய பி.எஸ்.ஏ.' சீட்டில் இடம் போதவில்லை என்றால் பின்பக்கம் எழுதலாம். அதற்கு முன்பு, நாளைய பயணத்துக்கு இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.